ஐயாயிரம் ரூபாய் மகள்

சபைக்குள் எல்லாரும் சகோதரன், சகோதரிதான். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும் வரை அந்த உறவுக்கு ஒரு குறையும் வராது. அப்பா கண்ணை மூடி, பீரோவிலிருந்து பத்திரங்களை எடுக்கும் அன்றைக்குத்தான் சகோதரியின் விலை தெரியும்.

திருவிதாங்கூரில் அந்த விலையைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1916ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, இல்லாவிட்டால் 5,000 ரூபாய்; இரண்டில் எது குறைவோ அது. 'எது குறைவோ' என்று சேர்த்த புண்ணியவானுக்குப் பரலோகத்தில் கார்னர் பிளாட்டே ஒதுக்கியிருப்பார்கள். ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அந்தக் காசும் கிடையாது. கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலே கிடையாது! வெறும் வாய்ச்சொல்லால் மகளின் கணக்கைத் தீர்த்துவிடும் இந்த விசுவாசத்தை ஆபிரகாமிடம்கூடப் பார்க்க முடியாது.

அந்தச் சட்டத்தில் சிக்கிய மகள்களில் ஒருவர் மேரி ராய். கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு, இறந்துபோன அப்பாவின் ஊட்டி வீட்டில் ஒதுங்கினார். காலி செய்யச் சொல்லி வந்தவர் கடன்காரர் அல்ல, கூடப் பிறந்த சகோதரர். பின்னாளில் அவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது: இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951லிருந்தே திருவிதாங்கூரிலும் செல்லும், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு.

சபைகள் கோபத்தில் கொதித்தன. சகோதரியைத் தெருவில் நிறுத்தலாமா என்றல்ல, குடும்பங்கள் உடைந்துபோகும் என்று! சகோதரன் தங்கையைத் துரத்தியபோது உடையாத குடும்பம், தங்கை பங்கு கேட்டதும் உடைந்துவிடுமாம். மகள்களுக்குப் போகாமல் சொத்தைக் காக்க உயில் எழுதி வையுங்கள் என்று விசுவாசிகளுக்கு ஆலோசனையும் சொன்னார்கள். பாவமன்னிப்புக்குக் காத்திருக்கச் சொல்கிறவர்களிடம் இவ்வளவு வேகம்.

இவர்கள் வேதம் படிக்காதவர்களா? எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்னால் நின்று பங்கு கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று தேவனே தீர்ப்புச் சொல்கிறார். லூக்கா 12இல் சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லி ஒருவன் வந்தபோது, பொருளாசையைக் குறித்து எச்சரித்துவிட்டு, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட ஐசுவரியவானின் கதையைச் சொல்கிறார் இயேசு. அன்று ராத்திரியே அவன் கதை முடிந்தது. அந்தப் பகுதியை நம் ஆட்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள் போலும்: சாவதற்கு முன்னால் உயிலைப் பதிவு செய்துவிட வேண்டும்.

மலையாளக் கரைக் கதைதானே என்று சிரிக்க வேண்டாம். நம் பக்கத்தில் சட்டம் தேவையில்லை, ஒரு விடுதலைப் பத்திரம் போதும். சார்பதிவாளர் அலுவலகத்து பெஞ்சில் அக்காளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "உனக்குத்தான் நகை போட்டாச்சே, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நாங்கதானே வரணும்?" என்பார்கள். அது பாசமா மிரட்டலா என்று அவள் யோசிப்பதற்குள் கையெழுத்து விழுந்திருக்கும். 'மனப்பூர்வமாக' என்று பத்திரத்தில் அச்சடித்தே இருக்கும்.

அடுத்த மாதம் தம்பி ஆலயத்துக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுப்பார், இறக்கையில் 'உபயம்' என்று தன் பெயரைப் பொறித்து. சபை ஐயர் மேடையிலேயே நன்றி சொல்வார். அக்காள் பெயரையும் பொறித்திருக்கலாம். அதில் இரண்டு மின்விசிறி அவள் காசு.