பாசி தின்ன ஆள் தேவை

மலாவி ஏரியின் ம்பூனா வகை சிக்லிட் மீன்களை ஆசையாக வாங்கி, நாலடித் தொட்டியில் பாறை அடுக்கி விட்டிருக்கிறீர்கள். விளக்கு காலையில் போட்டது, நீங்கள் படுக்கப் போகும்வரை எரிகிறது. பாறையெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இவ்வளவு நிறமான மீனை வாங்கியது இருட்டில் வைக்கவா? பாசி தின்ன ஒரு மீனை வேலைக்கு வையுங்கள். முறை இதுதான்.

கொளத்தூர் வண்ண மீன் கடை ஒன்றுக்குப் போய், "டேங்க் கிளீனர் குடுங்கண்ணே" என்று கேளுங்கள். இனம், ஊர் எதுவும் விசாரிக்க வேண்டாம். விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு சக்கர் மீன் பையில் வரும். "பெருசா வளருமா?" என்றால், "டேங்குக்குத் தக்கத்தான் சார் வளரும்" என்பார் கடைக்காரர். நம்பிவிடுங்கள். அது ஓரடியைத் தாண்டி வளரும். தின்கிற பாசியைவிடப் போடுகிற கழிவு அதிகமாக இருக்கும். அந்தக் கழிவே அடுத்த பாசிக்கு உரம். (இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவதை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். இந்தத் தென் அமெரிக்க மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.)

சின்னதாக வேண்டுமா? ஓட்டோசிங்க்லஸ் ஒன்றரை அங்குலம்தான். மென்மையான தண்ணீரில் வாழும் சாது. உங்கள் தொட்டியிலோ கடினத் தண்ணீர், பிஎச் எட்டுக்கு மேல். ஒத்துக்கொள்ளுமா என்று கவலைப்பட வேண்டாம். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குள் உங்கள் ம்பூனாக்களில் ஒன்றான ஆராட்டஸ் அதைக் கவனித்துக்கொள்ளும்.

தங்க நிறத்தில் பளபளக்கும் சைனீஸ் ஆல்கே ஈட்டர் இன்னும் விசேஷம். குட்டியில் ஒழுங்காகப் பாசி மேயும். வளர வளரப் பாசி அலுத்து, மற்ற மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பை உறிஞ்சும். நத்தை விட்டால் இன்னொரு ம்பூனாவான எலக்ட்ரிக் யெல்லோவுக்கு விருந்து.

"ஆப்பிரிக்க மீனுக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி" என்று புள்ளிபோட்ட சைனோடாண்டிஸ் மல்டிபங்டேட்டஸைக் காட்டினால் உடனே வாங்குங்கள். டாங்கனிகா ஏரிக்காரர், பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் குறுக்கே பாய்ந்து தன் முட்டையையும் கலந்துவிடுவார். தாய் எல்லாவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். குயில்கூட இவ்வளவு துணியாது.

உண்மையாகவே வேலை நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் பிரிசில்நோஸ் என்ற சக்கர் வகை மீனை வாங்குங்கள். ஐந்து அங்குலத்தோடு நிற்கும், கடினத் தண்ணீரைத் தாங்கும், ஒளிய ஒரு பொந்து கேட்கும். மூன்று அங்குலத்துக்குக் குறையாததாகப் பார்த்து, விளக்கை அணைத்தபிறகு விடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், தொட்டியில் இருப்பவர்களையே ஒருமுறை பாருங்கள். ம்பூனா தன் ஏரியில் நாள் முழுக்கச் செய்வது பாறைப் பாசியைச் சுரண்டுவதுதான். லேபியோட்ரோஃபியஸ் என்ற ம்பூனாவின் மூக்கு தொங்கி, வாய் அடியில் இருப்பது எதற்கு? உடம்பைப் பாறையோடு கிடத்திக்கொண்டே மேய்வதற்கு. அவற்றுக்கு வேளைக்கு வேளை இறால் தீனி போட்டால் எந்த மீன் பாறைப் பக்கம் போகும்? மிஞ்சிய தீனி பாசிக்கும், மிஞ்சிய புரதம் வயிறு வீங்கும் மலாவி ப்ளோட்டுக்கும் வழி செய்யும். ஸ்பைருலினா கலந்த தீனியை அளவாகப் போடுங்கள். வாரம் ஒரு நாள் பட்டினி போடுங்கள்.

பாறையில் பச்சை இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் சாப்பாடு. முன்பக்கக் கண்ணாடிக்கு மட்டும் காந்தம் வைத்த பிரஷ் ஒன்று போதும். மீன் வாங்கிய கடையிலேயே கிடைக்கும். நீங்களாகக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.