ஒன்பது ராஜாக்களுக்கு முன்னால் ஒரு நாய்

சாவு ஊர்வலத்தில் யார் முன்னே, யார் பின்னே என்று அடித்துக்கொள்வது நம்ம ஊர்ப் பங்காளிகளின் தனிச்சொத்து என்று யாராவது நினைத்தால், 1910 மே 20 அன்று இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏழாம் எட்வர்ட் மன்னரின் இறுதி ஊர்வலம். மகன் ஐந்தாம் ஜார்ஜையும் சேர்த்து ஒன்பது ராஜாக்கள். ஆளுக்கொரு குதிரை, நெஞ்சு கொள்ளாத பதக்கம். அவர்களுக்கெல்லாம் முன்னால், சவப்பெட்டிக்குப் பின்னால், ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவர் வாரைப் பிடித்துக்கொண்டு வர, ஜம்மென்று நடந்து போனது சீசர். மன்னர் வீட்டு நாய்.

சீசர் 1898-இல் பிறந்த ஃபாக்ஸ் டெரியர். கம்பிமுடிச் சாதி. 1902-இல் டட்லி பிரபு மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நல்ல நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. எட்வர்ட் 1901 வரை, அதாவது ஐம்பத்தொன்பது வயது வரை, இளவரசராகவே காலம் தள்ளியவர். விக்டோரியா ராணி அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற வழியாக இல்லை. மகனும் சும்மா இருக்கவில்லை; சீட்டு, சுருட்டு, குதிரைப் பந்தயம், அடுத்தவர் மனைவி என்று பொழுதைப் போக்கி வயிற்றையும் வளர்த்துக்கொண்டார். கடைசியில் கிரீடம் வந்தது, கூடவே சீசரும் வந்தது. இரண்டில் எது அவருக்குப் பிடித்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மன்னரின் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டு அதில் படுக்கை. குளிப்பாட்டிச் சீவிவிடத் தனியாக ஒரு சேவகன். கழுத்துப் பட்டையில், நான் சீசர், மன்னருக்குச் சொந்தமானவன் என்று பொறித்திருந்தது. விலாசம் கிடையாது. அரண்மனைப் பக்கம் யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

எட்வர்ட் உடை விஷயத்தில் சிடுசிடுப்பானவர். ஒரு பதக்கம் இடம் மாறிக் குத்தியிருந்தால்கூட, விருந்து நடுவில் கூப்பிட்டுக் கடிந்துகொள்வார். அப்பேர்ப்பட்டவரின் நாய் வந்தவர்களின் கால்சட்டையைக் கவ்விக் குதறியது! அதிகம் மாட்டியவர் சார்ல்ஸ் ஹார்டிஞ்ச். பின்னால் வைஸ்ராயாக வந்தாரே, அவர் காலத்தில்தானே தலைநகர் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் போனது, அதே ஆசாமிதான். மன்னரின் கப்பல் அறைக்குள் நுழைந்தாலே சீசர் பாயும். ஹார்டிஞ்ச் ஒன்றுமே நடக்காத மாதிரி ராஜாங்க விஷயங்களைப் பேசிக்கொண்டே இருப்பார். மன்னருக்கு அதைப் பார்த்து இன்னும் குஷி. முப்பது கோடி ஜனங்களை ஆள அனுப்பப்போகும் ஆளைச் சோதிக்க இதைவிட நல்ல பரீட்சை ஏது?

கோபம் வந்தால் மன்னர் கைத்தடியை ஆட்டி, போக்கிரி நாயே என்று அதட்டுவார். அதற்குச் சீசர் வாலை ஆட்டும். விசாரணை அத்தோடு முடிந்தது. ஃபாபெர்ஷே நிறுவனம் அதற்கு ஒரு கற்சிலையும் செய்தது: வெள்ளைக் கல்லில் உடம்பு, மாணிக்கத்தில் கண், தங்கத்தில் பட்டை.

1910 மே 6 அன்று மன்னர் கண்ணை மூடினார். அன்றைக்கும் அவருடைய குதிரை ஒன்று பந்தயத்தில் ஜெயித்தது. சேதி காதில் விழுந்த பிறகுதான் போனார். சீசர் சாப்பிட மறுத்து அறை வாசலில் முனகிக்கொண்டு கிடந்ததாம். ராணி அலெக்சாண்டிரா இதற்கெல்லாம் மசியவில்லை. அவருக்கு அந்த நாயைக் கண்டாலே ஆகாது. என் புருஷன் சீக்காகக் கிடந்தபோது கிட்டவே வரவில்லை என்று பொரிந்தாராம். இல்லையே, காலடியில்தானே படுத்துக்கிடந்தது என்று ஒரு சீமாட்டி சொல்ல, குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்றுதான் என்றாராம் ராணி. புருஷனின் சிநேகிதி கெப்பல் அம்மாளைப் பன்னிரண்டு வருஷம் பொறுத்துக்கொண்ட புண்ணியவதிக்கு நாயிடமாவது கறாராக இருக்க உரிமை உண்டு.

அப்புறம் ஊர்வலம். சண்டை ரயிலிலேயே தொடங்கிவிட்டது. பல்கேரியாவின் ஃபெர்டினாண்ட் ராஜாவுக்கும் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கும் யார் பெட்டி முன்னால் என்பதில் தகராறு. ஆஸ்திரியர் ஜெயித்தார். ஆனால் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பல்கேரியர் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். அவரோ வழி விடவில்லை. இளவரசர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கிப் பின்னால் ஓடிச் சாப்பிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பினார் என்று கேலியாக எழுதிவைத்தவர் அமெரிக்க மாஜி ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அவரோடு ஒரே வண்டியில் உட்கார்ந்த பிரெஞ்சு வெளியுறவு மந்திரி பிஷோனுக்கு, சீனர்கள் வண்டி நமக்கு முன்னால் போவதா என்று தாங்க முடியாத ஆத்திரம். நாயைப் பார்த்தாரா, தெரியவில்லை.

பார்த்தவர் ஜெர்மன் கைசர் வில்ஹெல்ம். செத்தவர் அவருக்குத் தாய்மாமன். வாழ்நாள் முழுக்க மாமன்மேல் பொருமல், இருந்தாலும் சாவுக்கு வந்துவிட்டார். தாய்மாமன் சாவில் மருமகனை முந்திக்கொண்டு ஒரு நாய் போனால் நம்ம ஊரில் பந்தலே பிரிந்திருக்கும். கைசர் மீசையை முறுக்கியபடி குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ செய்திருக்கிறேன், நாய்க்குப் பின்னால் போனது இதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

அந்த ஆண்டே சீசர் தன் வாயால் கதை சொல்வதாக ஒரு புத்தகம் வந்து அமோகமாக விற்றது. அந்த ஒன்பது பேரில் யார் பேரைச் சொன்னாலும் அப்படி விற்றிருக்குமா? போர்ச்சுகல் ராஜா அதே அக்டோபரில் நாட்டை விட்டு ஓடினார். கிரீஸ் ராஜாவை 1913-இல் சுட்டுவிட்டார்கள். கைசர் 1918-இல் ஹாலந்துக்குத் தப்பினார். சாப்பாட்டுக்காக ரயிலை விட்டு இறங்கி ஓடிய ஆஸ்திரிய இளவரசர் 1914 ஜூனில் சரயேவோவில் விழுந்தார், உலக யுத்தமே மூண்டது.

சீசர் அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரலில், ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தது. அதுவரை அதை வைத்துச் சீராட்டியது வேறு யாருமில்லை, ராணிதான். கண்டதையும் ஊட்டிச் செல்லம் கொடுத்துக் கெடுத்து, செத்ததும் தன் மார்ல்பரோ மாளிகைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்.

வின்ட்சரில் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் மன்னரும் ராணியும் பளிங்குச் சிலைகளாகப் படுத்திருக்கிறார்கள். கெப்பல் அம்மாளுக்கு அங்கே இடமில்லை. மன்னரின் காலடியில் சீசர் சுருண்டிருக்கிறது. பளிங்குக் காலில் என்ன கதகதப்பு கிடைக்கிறதென்று ராணியைத்தான் கேட்க வேண்டும்.