தலைவலிக்குத் துணை வருபவர்

விழுப்புரத்தில் பாசஞ்சர் வண்டி ஏறித் திண்டிவனம் வரையிலாவது கண்ணை மூடிக்கொண்டு போக விரும்புகிறவர், மண்டை பிளந்தாலும் நெற்றிப்பொட்டில் கையை வைத்துக்கொள்ளலாகாது. வைத்தால், எதிர் ஆசனத்தில் சர்வ சாந்தமாக வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருக்கும் பெரியவர், "என்ன ஸார், தலைவலியா?" என்று கேட்டுவிடுவார். சென்னை, புதுவை, காட்பாடி, கடலூர், திருச்சி என்று ஐந்து திக்குத் தண்டவாளங்களும் விழுப்புரத்தில் வந்து கூடுவதுபோல, தேசத்திலுள்ள கைவைத்தியம் அத்தனையும் அவரிடத்திலே வந்து கூடியிருக்கும்.

முண்டியம்பாக்கத்தில் கரும்பு ஆட்டும் பருவமாக இருந்து, சர்க்கரை ஆலையின் வாடை ஜன்னல் வழியே வந்துவிட்டால், "பித்தம் ஸார், சந்தேகமே இல்லை" என்பார். விக்கிரவாண்டியில் அதுவே நீர்க்கோவையாகிவிடும். நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்கவேண்டும். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, அந்தப் புகையை மூக்கால் இழுக்கவேண்டும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் ஸ்நானம். ஸ்நானம் செய்த அன்று பகல் நித்திரை கூடவே கூடாது. ஒவ்வோர் ஔஷதத்துக்கும் சாட்சியாக ஓர் உறவினர் உண்டு. அவருடைய சின்ன மாமனாரின் ஒற்றைத் தலைவலி மாத்திரம் பேரணியில் ஆரம்பித்து மயிலம் வரையில் நீளும். பாகப்பிரிவினை வழக்கு விழுப்புரம் கோர்ட்டில் ஜெயித்த மறுநாளே அந்த வலி போயிற்று என்பதையும் அவரே வாய்தவறிச் சொல்லிவிடுவார். இருந்தாலும் கீர்த்தி முழுவதும் நொச்சிக்குத்தான்.

சுக்குப்பற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவரை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. உரைத்து நெற்றியில் தடவிய சுக்கு தோலைச் சுறுசுறுவென்று காந்தவைக்க, அந்தக் காந்தலைக் கவனிக்கப் போன மனசு உள்வலியைச் சற்றே மறக்கிறது. புதினா உப்பும் கற்பூரமும் சேர்ந்த தைலங்கள் செய்கிற உபகாரமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்! 1893-ஆம் வருஷத்திலே காசிநாதுனி நாகேசுவர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், அவர் கணக்குப்படி, நேற்று வந்த சரக்கு.

வியாதியஸ்தரை அவர் ஒருபோதும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "காலையில் காப்பி சாப்பிட்டீர்களா?" தினந்தோறும் இரண்டு டம்ளர் குடித்துப் பழகியவருக்கு ஒருநாள் அது தவறிப்போனால், மூளையைச் சூழ்ந்த இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுத்து வலி எடுப்பது சகஜம், வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் காப்பியை விட்டுவிட்டு ஓடிவந்த மனிதருக்கு, பிளாட்பாரக் கடையில் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும். பெரியவரோ காப்பியை அடியோடு நிறுத்தச் சொல்லி, காப்பித்தூளே சேராத சுக்குக் காப்பியை விதிப்பார்.

மயிலம் வந்ததும் முருகனைத் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பையைத் திறப்பார். மஞ்சளும் சாம்பிராணியும் மணக்கும் நீர்க்கோவை மாத்திரை ஒன்றை எவர்சில்வர் டப்பா மூடியில் நசுக்கி, கூஜாத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் குழைத்து, மறுப்பதற்கு வாயெடுக்குமுன் நெற்றி நிறையப் பூசிவிடுவார். திண்டிவனத்தில் இறங்கியும் விடமாட்டார், வண்டி நகர்கையில் ஜன்னல் கம்பியைப் பிடித்து உடன் நடந்தபடியே, "மிளகு கால் பங்குதான் ஸார், மறந்துவிடாதீர்கள்!" என்று கூவுவார். எதில் கால் பங்கு என்பது ரயில் ஊதலில் அடிபட்டுப் போகும்.

அவர் காலிசெய்த இடத்தில் திண்டிவனத்தில் ஏறிய ஒருவர் மேல்துண்டை உதறி உட்கார்ந்து, எதிரே இருந்த மஞ்சள் நெற்றியை இரக்கத்தோடு பார்ப்பார்.

"பற்று யார் ஸார் போட்டது? முதலில் அதைக் கழுவுங்கள்."