பச்சைமலையில் ஒரு வேட்டைநாய்

தெரியாத ஆங்கிலச் சொல்லால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. அலமாரியில் லிஃப்கோ அகராதி இருக்கிறது, புரட்டினால் தீர்ந்தது. என் உயிரை வாங்குவதெல்லாம் சின்ன வகுப்பிலேயே தெரிந்துகொண்ட சொற்கள். கோ, கம், புட், மேக். தனியாக இருக்கும்வரை பரம சாது. அப், அவுட், ஆஃப் என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் ஆளே அடையாளம் தெரியாது.

இந்த வயதில் ஏன் இந்த வம்பு என்பீர்கள். சிங்கப்பூர்ப் பேரன் ஆங்கிலத்திலேயே பேசி ஆங்கிலத்திலேயே சிரிக்கிறான். வீடியோ காலில் உத்தேசமாகச் சிரித்துவைக்கும் நான், அவன் அழுகிற இடத்திலும் சிரித்துத் தொலைக்கிறேன். கதைப் புத்தகம் படித்தால் பாஷை தேறும் என்றாள் மகள்.

படித்தேன். ஒரு நாவலில் கணவன் 'மேட் அப் ஹிஸ் மைண்ட்'. மனைவி 'மேட் அப் ஹெர் ஃபேஸ்'. ராத்திரி இருவரும் 'மேட் அப்'. எங்கள் ஊர் பூலாம்பாடியில் நமக்குத் தெரிந்த மேக்கப் ஒன்றுதான். அவர் மூளைக்குப் பவுடர் பூசினார், அவள் முகத்துக்குப் பூசினாள், அப்புறம் சேர்ந்து பூசிக்கொண்டார்கள் என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டு போனேன். முதலாவது தீர்மானமாம், மூன்றாவது சண்டை தீர்ந்து ராசியானதாம். நடுவில் இருப்பதுதான் பவுடர்.

துப்பறியும் கதை இன்னும் மோசம். 'ஹி ஷாட் ஹெர் எ கிளான்ஸ்' என்று வந்தது. கையில் துப்பாக்கி வைத்திருப்பவன் ஷாட் என்றால் என்னவென்று நினைப்பது? பிணத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். செத்தவள் எழுந்து டீ ஊற்றினாள். பேய்க்கதையாக்கும் என்று இன்னொரு விளக்கையும் போட்டுக்கொண்டேன். அவன் சட்டென்று ஒரு பார்வை பார்த்தானாம், அவ்வளவுதான்.

"ஏங்க, ஒருத்தன் கம்பி நீட்டிட்டான்னா கம்பியையா தேடுவீங்க?" என்றாள் வீட்டுக்காரி. இவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருப்பதே என் மானத்துக்கு நல்லது.

ஆர்.கே. நாராயண் புண்ணியவான். கிரஹாம் கிரீன் சிபாரிசில் 1935-இல் லண்டனில் அச்சான 'சுவாமியும் நண்பர்களும்' எனக்கு எந்தச் சிபாரிசும் இல்லாமல் புரிந்தது. சுவாமிக்குத் திங்கட்கிழமை கசக்கிறது. இதற்கு அகராதி எதற்கு? வெள்ளைக்காரன் கதை என்றால் ஆரணி குப்புசாமி முதலியார் வழிதான் சரி. ஷெர்லாக் ஹோம்ஸின் சாயலில் ஆனந்தசிங் என்று ஒருவரைத் தமிழில் உலவவிட்டவர் அவர்.

நானும் அதையே செய்கிறேன். பட்டறையிலிருந்து எடுத்த சின்ன வெங்காயத்தை வீட்டுக்காரி பொறுக்குகையில், கானன் டாயில் 1902-இல் புத்தகமாக வெளியிட்ட 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையைச் சொன்னேன். டார்ட்மூர் சதுப்பைப் பச்சைமலை அடிவாரமாக்கினேன். பாஸ்கர்வில் பிரபுவை ஜமீன்தாராக்கினேன். புரியாத வரி வந்த இடத்திலெல்லாம் இடி இடித்து மழை கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு மழை எந்த ஐப்பசியிலும் பெய்ததில்லை.

"நாயி இருட்டுல மினுங்குறதுக்கு அந்தக் கொலகாரன் என்னத்தத் தடவுனான்?"

"பாஸ்பரஸ்."

"நக்கிப்புடுமே. நக்குனா செத்துராதா?"

இங்கிலீஷ் படித்தவர்களே கேட்ட கேள்வி இது. தாண்டிப்போன பக்கங்களில் பதில் இருந்ததோ என்னவோ, அது நக்கவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

"அப்ப அது நாயே இல்ல" என்று அழுகல் வெங்காயம் ஒன்றைத் தூர எறிந்தாள்.