முதுமகன் ஓட்டம்: ஓர் ஆராய்ச்சி

மூப்பைக் கண்டு அஞ்சாதவர் இல்லை என்பது நெடுங்காலமாக நம்மவர் கொண்டிருக்கும் துணிபு. அத்துணிபு கொண்டோரில் ஒருவரேனும் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு வந்து, தைலம் மணக்கும் முழங்கால்களோடும், நெஞ்சில் நான்கு ஊக்குகளால் குத்திய எண் அட்டைகளோடும் இருளில் நிற்கும் நரைத்தலையர்கள், "உங்களுக்கு எப்போது ஐம்பது?" என்று ஒருவரையொருவர் ஆவலோடும் சிறிது பொறாமையோடும் விசாரித்துக்கொள்வதைச் செவிமடுத்திருப்பாரேயானால், தம் கொள்கையை அன்றே கைவிட்டிருப்பார். வயது ஏறுவதைப் பதவி உயர்வாகக் கருதிக் காத்திருக்கும் இந்த அபூர்வ ஜாதிக்கு உள்ளூர் வழக்கில் 'வெட்ரன்' என்று பெயர். இதைப் பற்றி முறையான சாஸ்திரம் எதுவும் என் கண்ணில் படாமையால், இருபது ஆண்டுகளாக அவ்வினத்தினுள் கடைசியிலிருந்து எண்ணத்தக்க ஓரிடத்தை வகித்துவருபவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, பிரிக்பீல்ட்ஸ்வாசியாகிய நான் இம்முயற்சியில் இறங்கலானேன்.

முதலில் வயதுப் பகுப்பு. நம் பாட்டியல் நூலோர் மகளிர் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்து, நாற்பதாம் வயதில் கணக்கை மூடிவிட்டார்கள். ஆடவர்க்கோ பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று முப்பது வயதுக்குள் ஆறு பெயர்களைத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, அதற்கு மேற்பட்டவர் அனைவரையும் 'முதுமகன்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார்கள். அந்தச் சாக்கை அவிழ்த்தவர்கள் உலக மூத்தோர் தடகள அமைப்பினர். முப்பத்தைந்து தொடங்கி ஐந்தைந்து ஆண்டுக்கு ஒரு பிரிவாக அவர்கள் நூறு வரைக்கும் வகுத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பந்தயக்காரர்களுக்கு அவ்வளவு விசால மனம் இல்லை: நாற்பது, ஐம்பது, மனமிருந்தால் அறுபது. ஆகையால் நாற்பத்தொன்பது வயதுக்காரர் தம் பிரிவில் தொண்டு கிழவர். ஐம்பது ஆனதும் அடுத்த பிரிவில் பச்சிளங் குழந்தை. சென்ற ஆண்டு நாற்பதாம் இடத்தில் மூச்சிரைக்க வந்தவர், ஒரு நொடியும் வேகம் கூடாமலே, இவ்வாண்டு பரிசுக் கூடையோடு மேடையில் நின்று பல்லைக் காட்டுவதன் ரகசியம் இதுவே.

ஒருவர் வெட்ரனா அல்லரா என்று துணிவதற்குச் சைவ சித்தாந்திகள் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளும் பயன்படும். காண்டலுக்குத் தண்ணீர் மேசையில் நிற்கும் தொண்டர் பிள்ளைகளே அதிகாரிகள். என் நாற்பத்திரண்டாம் வயதில் புக்கிட் துங்கு மேட்டில் ஒரு பையன், "அண்ணே, விடாதீங்க!" என்றான். அதே மேட்டில் சில ஆண்டு கழித்து, "அங்கிள், மெதுவா!" என்று கேட்டது. சென்ற முறை ஒரு மலாய்ச் சிறுமி மேசையை விட்டு இறங்கி வந்து, கோப்பையை என் விரல்களுக்குள் பொருத்தி வைத்து, "பாக்சிக், சிக்கிட் லாகி!" என்றாள். பெரியவரே, இன்னும் கொஞ்சந்தான் என்று பொருள். அப்போது பாக்கியிருந்தது ஆறு கிலோமீட்டர். வயது ஏற ஏறப் பிறர் நம்மிடம் உண்மை பேசுவது குறையும் என்ற துணைவிதியும் இதனாற் பெறப்படும். கருதலளவைக்கு, ஓட்டத்துக்கு மறுநாள் ஆசாமி மாடிப்படி இறங்குவதைப் பார்த்தாலே போதும். நண்டுபோல் பக்கவாட்டில் இறங்குவாராயின் வெட்ரன்.

உரையளவைதான் சிக்கலானது. ஐசி என்று நாம் வழங்கும் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகையால், பதிவு மேசையில் அதுவே வேதவாக்கு. நான் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் 1965 நவம்பரில் பிறந்தேன் என்பதற்கு அடைமழையும் என் பாட்டியும் சாட்சி. அப்பா தோட்டத்து எழுத்தராகிய கிராணியாரிடம் போய்ச் சொன்னதோ ஜனவரியில். "இவ்வளவு நாளா என்னய்யா செஞ்சே?" என்ற வசவுக்குப் பயந்து, பிள்ளை போன வாரந்தான் பிறந்தது என்று அவர் சாதிக்க, கிராணியார் தொட்டிலை எட்டிப் பாராமல் அப்படியே எழுத, என் ஐசி 66 என்று தொடங்கலாயிற்று. இரண்டு மாதப் பிழைதானே என்று எண்ணற்க. பல பந்தயங்களில் நாளும் மாதமும் பார்ப்பதில்லை, நடப்பாண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிப்பார்கள்; எனவே அது முழுதாக ஓராண்டு. பள்ளியில் என்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு ஓடிப் பரிசு வாங்கினேன். உத்தியோகத்திலும் ஓராண்டுச் சம்பளம் மிகுதி. இவ்வளவு லாபத்துக்கும் வட்டியாக 2015-ஆம் ஆண்டு பறிபோயிற்று. நியாயப்படி ஐம்பது எய்திய அவ்வாண்டு முழுவதும் நாற்பது வயது வாலிபர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட விதிக்கப்பட்டேன். பாட்டியின் சாட்சியம் எந்த மேசையிலும் எடுபடவில்லை. அக்டோபரில், புகைமூட்டத்தின் காரணமாகக் கோலாலம்பூர் மாரத்தானே அடியோடு ரத்தாயிற்று என்ற செய்தி வந்தபோது, இருமிக்கொண்டிருந்த இந்த மாநகரத்தில் ரகசியமாக மகிழ்ந்தவன் நான் ஒருவனாகவே இருப்பேன் என்பதை வெட்கத்துடன் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இக்குறை எனக்கு மட்டும் உரியதன்று. பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங், 2011-இல் டொரொன்டோ நகரில் நூறு வயதில் மாரத்தான் ஓடி முடித்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் ஏட்டில் இடம் பெறவில்லை. அவர் கிராமத்தில் கிராணியார் இல்லை போலும். அதே நகரில் 2004-இல் எழுபத்துமூன்று வயது எட் விட்லாக் 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் மாரத்தானை முடித்தார். அவர் மணிக்கணக்காக ஓடிப் பழகிய இடம் வீட்டருகே இருந்த இடுகாடு. இச்செய்தியைச் சொல்லி நானும் அவ்வண்ணம் பழக அனுமதி கோரியபோது என் மனைவி அளித்த விடை இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது.

காட்டுவழி ஓட்டத்தில் ஒரு வகைக்கு நம் ஊரே ஆதிபீடம். 1938-இல் கோலாலம்பூரில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் சிலர் தொடங்கிய ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் என்னும் கூட்டத்தில், ஒருவர் முயலாக முன்னோடிக் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்ல, மற்றையோர் வேட்டை நாய்களாகத் தேடிக்கொண்டு பின்தொடர்வர். தடம் திடீரென்று அறுந்துபோகும், பொய்த்தடங்களும் உண்டு. முன்னே பாய்ந்த வாலிபர்கள் லாலான் புல்லுக்குள் விழித்துக்கொண்டு நிற்கையில், பின்னே ஊர்ந்துவந்த பெரியவர் சாவதானமாக வந்து சேர்ந்துகொள்வார். அதற்காகவே அந்த ஏற்பாடு. 1950-இல் சங்கமாகப் பதிவு செய்தபோது அவர்கள் எழுதிக்கொடுத்த நோக்கங்களில், நல்ல தாகத்தை உண்டாக்கிப் பீரால் தணிப்பது ஒன்று. மூத்த உறுப்பினர்கள் தாங்கள் உணரும் அளவுக்கு முதியவர்கள் அல்லர் என்று அவர்களையே நம்பவைப்பது மற்றொன்று. கிழவர்களை ஏமாற்றுவதைச் சட்டபூர்வமான லட்சியமாகக் கொண்ட வேறொரு சங்கத்தை நான் அறியேன். 'சிக்கிட் லாகி' சிறுமி அம்மரபின் வாரிசு என்பது என் முடிபு.

ஐசியின் கிருபையால் 2026 முதல் நான் அறுபதுப் பிரிவு. முதற்பந்தயம் முடிந்து மைலோ வண்டி வரிசையில் நின்றபோது, எனக்கு முன்பே வந்து இரண்டாவது கோப்பைக்கு நின்றிருந்த கிள்ளான் வாத்தியார் ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, அறுபதுக்கு வந்துட்டியா?" என்றார். இவ்வுலகில் என்னைத் தம்பி என்று அழைப்பவர் இப்போது அவர் ஒருவரே. அவருக்கு அறுபத்தொன்பது, ஒன்பது ஆண்டாக அப்பிரிவை விட்டு அசையாதவர். எழுபது வயதினருக்குத் தனிப் பிரிவு வேண்டுமென்று பந்தயக்காரர்களுக்கு ஒரு மனு தயாரித்து வைத்திருக்கிறார். வாசகர்கள் வயது வேற்றுமை பாராமல் அதில் கையெழுத்திட்டு உதவ வேண்டும். முதற் கையெழுத்து என்னுடையது.