மில் ஊர்க்காரனுக்குப் பருத்தி ஆகாதாம்

சட்பரி, கனடா

அன்புள்ள அம்மாவுக்கு,

"மூணு நாள் மான் வேட்டைக்குக் கூடப் போறேங்கிறியே, நான் அனுப்பின பனியனெல்லாம் எடுத்து வச்சியா?" என்று கேட்டிருந்தாய். வைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் பையைத் திறந்து பார்த்து அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார். காட்டுக்குப் பருத்தி ஆகாதாம், ஆளையே கொன்றுவிடுமாம்.

இதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல். அவர் ஆயுசெல்லாம் மில்லில் நூற்றது இதைத்தான். சத்திரப்பட்டிக்காரர்கள் ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்வதும் இதில்தான். இங்கே அது கொலைக் கேஸில் ஏ-ஒன். காரணம் கேட்டால் மறுத்துப் பேச முடியவில்லை. வேர்வையைக் குடித்த பருத்தி லேசில் காயாது. அந்த ஈரம் உடம்புச் சூட்டை வாங்கிவிடும்.

அதனால் உள்ளே மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் பனியும் புகாத கோட்டு. போட்டுக்கொண்டு நடக்கவும் கூடாது, வேர்த்துவிடும். கழற்றிச் சுமந்து, நடுங்கிக்கொண்டே போய், உட்கார்ந்த பிறகு மாட்ட வேண்டும். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் இறுகி ரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்குமாம். கம்பளியில் சீக்கிரம் நாற்றம் பிடிக்காது என்று மூன்று நாளும் ஒரே உள்பனியன். குளிக்கவில்லை, திட்டாதே. உன் தேங்காய் எண்ணெய்க்கும் தடை. மான் மோப்பம் பிடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு. துப்பாக்கி சீசனில் மான் வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலமாவது பளீர் ஆரஞ்சு போட வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். தொப்பி தனிக் கணக்கு. மான் கண்ணுக்கு அந்த நிறம் எடுபடாது. மனுஷனை மனுஷன் சுடாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. துப்பாக்கியைத் தொடாத எனக்கும் மாட்டிவிட்டார். ஆடிப்பூரத் தேர் மாதிரி நின்றேன். வடம் பிடிக்கத்தான் ஆளில்லை.

ஒன்றுக்கு வந்தால் தொலைந்தோம். ஆரஞ்சை அவிழ்த்து, கோட்டைத் திறந்து, தோள்வாரைக் கழற்றி, கையுறையை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தேடி, காரியம் முடித்து எல்லாம் மாட்டி நிமிர்ந்தால், குளிரில் மறுபடியும் வருகிறது.

இந்த லட்சணத்தில், "உங்கள் ஊரில் வேட்டை உண்டா?" என்றார். விட்டேனா? பன்றி வேட்டைக்குப் பேர்போன எங்கள் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே போட்டார்கள் என்றேன். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் நாய்க்கு வீட்டுக் காவல்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கே 1988-ல் சரணாலயம், 2021-ல் அது புலிகள் காப்பகம் என்று அடுக்கினேன். அய்யனார் கோயில் ஓடையில் ஒரே துண்டோடு கிடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பல் தந்தியடித்தது, பேச்சு வரவில்லை.

கடைசி நாள் மான் வந்தது அம்மா. சூப்பர்வைசர் ஒதுங்கப் போய் தோள்வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். கூப்பிடு தூரத்தில் நின்று எங்கள் இருவரையும் ஆற அமரப் பார்த்தது. ஒட்டுத்துணி இல்லை, ஒரு நடுக்கமும் இல்லை.

ஊரிலிருந்து யார் வந்தாலும் பால்கோவா கொடுத்துவிடு. அரைக் கிலோ கூடுதலாக இருக்கட்டும். பாவம், சூப்பர்வைசர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

உன் மகன்