சில்லு வரும் முன்பே லினக்ஸ்

கேள்வி: கியூஎமு எமுலேட்டரில் புதிய பிராசசர் வகை ஒன்றைச் சேர்ப்பது எப்படி?

பதில்: இன்னொரு பிராசசரின் சுபாவத்தை, அதன் வினோதங்கள் உட்பட, மென்பொருளில் எழுதிக் காட்டுவதே அந்த வேலை. கியூஎமு 2003-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசசர் வகை, 2018-இல் வந்த 2.12 பதிப்பில் அதற்குள் குடியேறியது.

முதலில் ரெஜிஸ்டர்களுக்கு இடம் ஒதுக்கப்படும். அடுத்தது டீகோடர், அது ஒவ்வொரு கட்டளையின் பிட்களையும் பிரித்துப் பொருள் அறியும். அந்தப் பொருள் டி.சி.ஜி. என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றப்பட்டால் போதும். அதை இன்டெல், ஆர்ம் கட்டளைகளாக்கும் பகுதி ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கியூஎமுவின் மிக அழகான ஏற்பாடு இதுதான்.

உண்மையான உழைப்பு நுணுக்கங்களில் இருக்கிறது. முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் இன்டெல் பிராசசர் பிழை என்று கூவி நிறுத்தும். ரிஸ்க்-ஃபைவ் சலனமின்றி எல்லா பிட்களையும் 1 ஆக்கி விடை தரும். அதன் பூஜ்ய ரெஜிஸ்டரில் கோடியை எழுதினாலும் திரும்பக் கிடைப்பது பூஜ்யமே. இவற்றை அப்படியே பின்பற்றாத எமுலேட்டர் பொய் சொல்லும் எமுலேட்டர்.

பிறகு நினைவக முகவரி மாற்றம், குறுக்கீடுகள், கடிகாரம், சீரியல் போர்ட் கொண்ட ஒரு போர்டு. லினக்ஸ் அதில் துவங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி சோதனை. ரிஸ்க்-ஃபைவுக்கான ஸ்பைக் என்ற மாதிரி சிமுலேட்டரின் விடைகளோடு ஒப்பிட்டுப் பிழைகள் களையப்படும்.

ரிஸ்க்-ஃபைவ் கணினிகள் அரிதாக இருந்த காலத்திலேயே டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் தொகுப்புகளின் குழுவினர் தங்கள் மென்பொருள்களை அதற்கு ஏற்றதாக்க இந்த எமுலேட்டர் கைகொடுத்தது.